நாலாம் நம்பர் கட்டில்

மார்ச் 4, செவ்வாய்

தம்பிக்கு,

இதை என்ஜின் அறையில் நின்றுகொண்டு படிக்காதே. மேலே உன் அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு மாரடைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கப் போனவர் பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம், உடம்பெல்லாம் வேர்வை, மூச்சு வாங்குகிறது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். நானும் என் வீட்டுக்காரரும், அதுதான் உன் மாமா, அவரைத் தூக்கிப் பயிற்சிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். பதினோரு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன், பிள்ளைகளிடம் எதையெல்லாம் செய்யாதே என்று சொல்வேனோ அத்தனையும் அன்று ஒரே பயணத்தில் செய்தேன்.

முதலில் மாரடைப்பு என்று மட்டும்தான் சொன்னார்கள். பிறகு ஒரு இளம் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தவர் எடுக்கவே இல்லை. உள்ளே ஏதோ இரைச்சல் கேட்கிறதாம். எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் கீழ்ப் பாதியில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு சுவர். மாரடைப்பில் அந்தச் சுவரில் ஒரு பகுதி செத்துக் கிழிந்துவிட்டது. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் ஓட்டை வழியாகப் பக்கத்து அறைக்குப் பாய்ந்து நுரையீரலில் போய் நிறைகிறது. மூச்சு வாங்குவது அதனால்தான்.

இப்போது ஐ.சி.யூ.வில், நாலாம் நம்பர் கட்டில். தொடை வழியாக ஒரு பலூன் பம்ப் வைத்திருக்கிறார்கள், இதயத்துக்கு ஒத்தாசையாக. நினைவு இருக்கிறது, பேசுகிறார். பெரிய டாக்டர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "ரொம்பக் கவலைக்கிடம்தான். ஆனா இன்னும் கையை விட்டுப் போகல."

நீ என்னோடு போனில் பேசி ஆறு வருடம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 5, புதன்

அக்காவுக்கு,

உன் மெயிலை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை அப்பாவுக்காக. மற்ற மூன்று தடவையும் நீ எங்கே பூசி மெழுகியிருக்கிறாய் என்று பார்ப்பதற்காக.

கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. அம்மா போனதைப் பத்தொன்பது நாள் என்னிடமிருந்து மறைத்தவள் நீ. நடுவில் இரண்டு துறைமுகங்களிலிருந்து கூப்பிட்டேன். முதல் தடவை, "அம்மா குளிக்கிறாங்கடா" என்றாய். அடுத்த தடவை, "இப்பத்தான் கண்ணசந்தாங்க, எழுப்ப வேணாம்" என்றாய். குரலில் ஒரு பிசிறு இல்லை. வீட்டுக்கு வந்து, வாசலில் அம்மாவின் செருப்பு இல்லாததைப் பார்த்துத்தான் நானாகத் தெரிந்துகொண்டேன். குரலில் பொய் சொல்ல உனக்கு நன்றாக வருகிறது. எழுத்தில் அவ்வளவு வராது என்று நம்பித்தான் அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை.

நம் வீட்டுச் சட்டம் எனக்குத் தெரியும். கடலில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி போகக் கூடாது. அவன் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன், மனசு கலைந்தால் ஆபத்து. அப்பா போட்ட சட்டம், நீ ஒரு எழுத்து பிசகாமல் காப்பாற்றிய சட்டம். அதை இந்தத் தடவை மூன்றாம் நாளே உடைத்திருக்கிறாய். ஏன்? இவ்வளவு சொல்கிறாய் என்றால், சொல்லாதது எவ்வளவு? இந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது.

கப்பல் மெயிலில் படம் ஏறாது, எழுத்து மட்டும்தான். அதனால் வேறு வழியில் கேட்கிறேன். நான் முதல் தடவை கப்பல் ஏறப் போன அன்று ரயில் நிலையத்தில் அப்பா என் காதோரம் ஒன்று சொன்னார். அது உனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அவர் பேசுகிறார் என்றால் அதைக் கேட்டு எழுது.

வலி எப்போது ஆரம்பித்தது, ஞாயிற்றுக்கிழமைதானா, அதையும் எழுது.

தம்பி

மார்ச் 6, வியாழன்

தம்பிக்கு,

உன் குறுக்கு விசாரணைக்கு விடை. மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிவிட்டு அப்பா சொன்னார்: "ரயில் கக்கூஸ்ல உள்தாழ்ப்பா சரியா விழாது, ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கன்னு சொன்னேன். அதை எதுக்கு இப்பக் கேக்குறான்?"

பதினெட்டு வருடமாக நான் அது ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அப்பா கண்ணைத் துடைத்ததைப் பார்த்து நானும் அம்மாவும் வேறு அழுதோம்.

இனி விஷயம். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்கிற டாக்டர் வந்து பார்த்தார். இப்போது திறந்தால் தையல் பிடிக்காது என்கிறார். செத்த சதை ஈரக் காகிதம் போல இருக்கிறதாம், ஊசி குத்துகிற இடமெல்லாம் கிழியும். சிறுநீரகமும் தடுமாறுகிறது, மயக்கமே ஆபத்து. அதனால் இன்னொரு வழி சொல்கிறார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை விட்டு, அதற்குள்ளே மடித்து வைத்த கம்பி வலையைக் கொண்டுபோவார்கள். ஓட்டையில் நுழைந்ததும் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டாக அது விரியும். இரண்டும் சேர்ந்து சுவரைக் கவ்விக்கொண்டு ஓட்டையை அடைக்கும். அதைச் செய்யப் போவது ஒரு பெண் டாக்டர். விவரம் கேட்ட அப்பா அவருக்குப் பிளம்பரம்மா என்று பெயர் வைத்துவிட்டார். அவர் எதிரிலேயே சொல்கிறார், அந்த அம்மாவும் சிரிக்கிறார்.

ஆனால் உடனே செய்ய முடியாது. சுமார் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டுமாம்.

வலியைப் பற்றிக் கேட்டாய். நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். டாக்டர்கள் நாலு நாள் பழசு என்கிறார்கள். அதற்கு முன்னால் அப்பா யாரிடமாவது ஏதாவது சொன்னாரா? உனக்குத் தெரியுமா?

அக்கா

மார்ச் 9, ஞாயிறு

அக்காவுக்கு,

விடை சரி. ஆறாம் தேதி வரை அப்பா இருந்தார் என்று ஒப்புக்கொள்கிறேன். இன்று தேதி ஒன்பது.

காத்திருக்கச் சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஓட்டையோடு ஒரு மனிதனை இரண்டு வாரம் படுக்கப் போட்டு வேடிக்கை பார்ப்பதற்கு ஆஸ்பத்திரி எதற்கு? கப்பலில் கசிவு என்றால் அந்த நிமிடமே அடைப்போம். தலைமை என்ஜினியரிடம் உன் மெயிலைக் காட்டினேன். அவர் கேட்டது இது: தேய்ந்துபோன தகட்டின் மேல் பேட்ச் வைத்தால் ஓரம் பிய்த்துக்கொண்டு ஓட்டை இன்னும் பெரிதாகும், அதனால்தான் நாம் நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் பேட்ச் போடுகிறோம், இதயத்தில் அப்படி வெட்ட முடியுமா? முடியாது. அப்படியென்றால் அந்தத் தட்டு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? உன் பிளம்பரம்மாவிடம் இதைக் கேள். அவர் முகம் போகிற போக்கையும் பார்த்து எழுது.

இன்னொன்று. மாமா ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர். இந்தக் கம்பி வலையை விற்கிற கம்பெனிக்கும் அவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? அறுபத்தெட்டு வயது மனிதர், பிழைப்பது கஷ்டம், புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது நினைத்திருந்தால்? நான் சொல்லவில்லை. கேட்கிறேன்.

ஏன் இந்த ஆஸ்பத்திரி, ஏன் இந்த டாக்டர், கையெழுத்து போட்டது யார், எல்லாம் எழுது.

தம்பி

மார்ச் 10, திங்கள்

தம்பிக்கு,

மாமாவிடம் உன் மெயிலைப் படித்துக் காட்டினேன். அவர் விற்பது சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஓட்டை போட்ட நாற்காலி, இடுப்புப் பட்டை. அவர் விற்கிற சாமான்களில் இதயத்துக்கு மிக அருகே போவது அந்த இடுப்புப் பட்டைதான். "உன் தம்பிக்கு வேணும்னா ஒண்ணு அனுப்பி வைக்கவா, நிமிர்ந்து யோசிப்பான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சாப்பிடாமல் எழுந்து போனார். இந்த எட்டு நாளும் ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் அவர். நாக்கில் நரம்பில்லாமல் எழுதுகிறாயே.

கையெழுத்து போட்டது நான். வேறு யார் இருக்கிறார்கள்?

பேட்ச் கேள்வியைப் பிளம்பரம்மாவிடம் கேட்டேன். முகம் எங்கும் போகவில்லை. கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க தம்பி சரியாத்தான் கேட்டிருக்கார். அதுக்காகத்தான் காத்திருக்கோம். நாங்க வெட்ட மாட்டோம். ஓரம் தானா தழும்பாகி இறுகணும். இப்ப வச்சா தட்டு பிய்ச்சுக்கிட்டு வந்துரும்" என்றார்.

நான் விடவில்லை. காத்திருக்கும்போதே ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டேன். ஆகலாம் என்றார். இப்படி ஓட்டை விழுந்து, உடனே நெஞ்சைத் திறந்தவர்களில் பாதிக்கு மேல் திரும்பி வருவதில்லையாம். காத்திருப்பவர்களிலும் எல்லாருமே இரண்டு வாரத்தைத் தாண்டுவதில்லையாம். பம்ப்பையும் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, காலுக்கு ஆபத்து. எது சரியான நாள் என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. தினமும் எக்கோ பார்த்து முடிவு செய்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. உனக்கு என்ன வருமோ தெரியாது.

நான் போன மெயிலில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீ ஆயிரம் கேள்வி கேட்டாய். அந்த ஒன்றுக்குப் பதில் எழுதவில்லை.

அக்கா

மார்ச் 12, புதன்

அக்கா,

எங்கள் கப்பல் சமையல்காரரின் வீடும் நம் ஊரில்தான். நேற்று அவர் மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். உன்னிடம் சொல்லாமல் செய்தது தப்பு என்றால் தப்புதான்.

அந்த அம்மாள் போனபோது பார்வை நேரம் முடிந்திருந்தது. உள்ளே விடவில்லை. கதவு திறந்து மூடும்போது எட்டிப் பார்த்திருக்கிறார். நாலாம் நம்பர் கட்டில் காலி. விரிப்பை உருவிவிட்டு ஒரு ஆள் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

சமையல்காரர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். உன் பத்தாம் தேதி மெயிலை எடுத்து மறுபடி படித்தேன். அதில் அப்பா சொன்னதாக ஒரு வார்த்தைகூட இல்லை. டாக்டர் பேசுகிறார், மாமா பேசுகிறார், நீ பேசுகிறாய். அப்பா எங்கே?

எந்தத் தேதி என்று மட்டும் சொல்லிவிடு. அழ மாட்டேன், வேலையை விட்டு ஓடி வர மாட்டேன், இயந்திரத்தில் கையை விட மாட்டேன். இன்னொரு முறை செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள என்னால் முடியாது.

தம்பி

மார்ச் 12, புதன், பிற்பகல்

தம்பி,

அப்பா உயிரோடு இருக்கிறார். முதலில் இதைப் படி. பிறகு மற்றதைப் படி.

நேற்று காலை அவருடைய வலது கால் ஜில்லென்று ஆகிவிட்டது. பம்ப் குழாய் ரத்தத்தை மறித்துவிட்டது. அவசரமாகக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய் அதை எடுத்து இடது காலில் வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் உன் ஒற்றர் வந்திருக்கிறார். திரும்பி வந்ததும் ஒன்பதாம் நம்பர் கட்டிலில் போட்டார்கள், சிறுநீரக மெஷினுக்கு அங்கேதான் இடம் இருக்கிறது. ஆம், சிறுநீரக மெஷின். ஒரு நாள் ஓட்டினார்கள், இன்று காலை நிறுத்திவிட்டார்கள். கால் இப்போது சூடாக இருக்கிறது, நானே தொட்டுப் பார்த்தேன்.

வாட்ச்மேன் பிறகு என்னிடம் சொன்னார். யாரென்று கேட்டதற்கு அந்த அம்மாள் "சொந்தம்" என்றாராம். என்ன சொந்தம் என்றால் "கப்பல் வழிச் சொந்தம்" என்றாராம். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து நோட்டில் அங்க அடையாளம் எழுதி வைத்திருக்கிறார் வாட்ச்மேன். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

நேற்றே இதை எழுதியிருக்க வேண்டும். கால் என்ன ஆகும் என்று தெரிந்தபின் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். பழைய புத்தி. இதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா விஷயத்தையும் ஒரே தடவை எழுதிவிடுகிறேன். அம்மா போன அன்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கரைக்கு வர்ற வரைக்கும் அவனுக்குத் தெரிய வேணாம்மா, எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்" என்றார். நானும் ஒருத்தி எதிரில்தான் நின்றேன். அதைக்கூடக் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, நீ கூப்பிட்டபோதெல்லாம் பொய் சொன்னேன். போனை வைத்துவிட்டு எத்தனை தடவை வாந்தி எடுத்தேன் என்பது மாமாவுக்குத் தெரியும். இந்தத் தடவையும் மாஸ்க் போடுவதற்கு முன்னால் அப்பா சொன்னது அதேதான், அவனுக்கு எழுதாதே என்று. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எழுதினேன். ஏன் உடைத்தாய் என்று கேட்டாயே, இன்னொரு ஆறு வருடம் என்னால் தாங்க முடியாது என்றுதான்.

இப்போது மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நடந்தது உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா

மார்ச் 14, வெள்ளி

அக்கா,

தெரியும்.

பிப்ரவரி 26, புதன்கிழமை. நாங்கள் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம், போனில் சிக்னல் இருந்தது. பகல் பதினொன்றரைக்கு அப்பாவிடமிருந்து மெசேஜ். "நெஞ்சு நடுவுல பாரமா இருக்கு. இடது கை குடையுது. காலையிலேர்ந்து. அக்காகிட்ட சொல்லாத, கிளாசை விட்டுட்டு ஓடி வந்துருவா."

நான் ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் எண்ணெய். கையைத் துடைக்காமல் சுண்டு விரலால் பதில் தட்டினேன். "வாயுவா இருக்கும்பா. வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க. ரெண்டு நாள் பாருங்க." அவர் சரி என்று ஒரு வார்த்தை அனுப்பினார்.

அவ்வளவுதான் அக்கா. அன்று மாலை கப்பல் கிளம்பிவிட்டது. கிளம்புவதற்கு முன் மூன்று மணி நேரம் சிக்னல் இருந்தது. உனக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். உன்னிடம் பேசுவதில்லை என்று வைராக்கியம். அதோடு, அப்பா எனக்கு மட்டும் ஒன்றைச் சொன்னார், உன்னிடம் மறைக்கச் சொன்னார். கேவலம்தான், ஆனாலும் எழுதுகிறேன்: அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இந்தத் தடவை அக்காவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று.

அந்த நாலு நாளில்தான் அந்தச் சுவர் கிழிந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அடைப்பை எடுத்திருப்பார்கள், ஓட்டையே விழாமல் இருந்திருக்கலாம். கப்பலில் இருக்கிற மருத்துவப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. உன் முதல் மெயிலைப் பார்த்ததும் அந்த மெசேஜை என் போனிலிருந்து அழித்தேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து உனக்கு, "வலி எப்போது ஆரம்பித்தது" என்று எழுதினேன். நீ ஏதாவது ஒரு இடத்தில் தப்பு செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மெயிலிலும் தேடினேன். மாமா மேல் தேடினேன். டாக்டர் மேல் தேடினேன்.

மாமாவிடம் மன்னிப்பு கேட்டதாகச் சொல். உன்னிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி

மார்ச் 16, ஞாயிறு

தம்பி,

எனக்கு முதல் நாளே தெரியும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் அப்பாவின் சட்டை, கண்ணாடி, போன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். எப்போதிலிருந்து வலி என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார், அப்பா மழுப்பிக்கொண்டே இருந்தார். யாரிடமாவது சொல்லியிருப்பார் என்று போனைத் திறந்தேன். உன் பெயர்தான் மேலே இருந்தது. படித்துவிட்டு டாக்டரிடம் தேதியை மட்டும் சொன்னேன். அவர்கள் நாலு நாள் என்றது அதை வைத்துத்தான்.

உனக்கு எழுதாமல் இரண்டு நாள் இருந்தேனே, அதற்கு அப்பா சொன்னது பாதிக் காரணம். மீதி இது. உன்மேல் அவ்வளவு ஆத்திரம். பிறகு எழுதினேன், ஒன்றும் தெரியாதவள் போல மூன்று தடவை கேட்டேன். நீயாகச் சொல்கிறாயா பார்க்கலாம் என்று. நீ என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாய், நான் உன்னைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ மழுப்பியபோது எனக்குள் ஒரு குரூரமான திருப்தி இருந்தது. நேற்று முன்தினம் உன் மெயிலைப் பார்த்ததும் அது போய்விட்டது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என் பங்கையும் கேள். 27ஆம் தேதி சாயங்காலம் அப்பா நாற்காலியில் சாய்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா என்றேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன், பிடித்துக்கொண்டது என்றார். எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. பரணில் பெட்டியே கிடையாது, மூன்று வருடம் முன்பே காலி செய்துவிட்டோம். அது எனக்குத் தெரியும். தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஏழு மணி வகுப்புக்குப் போய்விட்டேன். உனக்குப் பல நூறு மைல் தூரம், எனக்கு எதிர் நாற்காலி. யார் பங்கு பெரியது என்று பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நாளை காலை எட்டு மணிக்கு அப்பாவைக் கொண்டுபோகிறார்கள். ஓரம் ஓரளவு இறுகியிருக்கிறதாம். ஓட்டை பதினாறு மில்லிமீட்டர். இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் நல்லது, ஆனால் கால் பொறுக்காது என்கிறார் பிளம்பரம்மா. மேசையிலேயே எதுவும் நடக்கலாம் என்று எழுதிய தாளில் கையெழுத்து போட்டிருக்கிறேன்.

முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதுவேன். எதுவாக இருந்தாலும் எழுதுவேன். நீ மேலே உன் அறையில் இரு.

அக்கா

மார்ச் 17, திங்கள்

தம்பி,

மணி பன்னிரண்டு பத்து. அப்பா உயிரோடு இருக்கிறார். தட்டு நிற்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எட்டே காலுக்கு மயக்கம் கொடுத்தார்கள். காலிலிருந்து ஒரு கம்பியை ஓட்டை வழியாக விட்டு, கழுத்திலிருந்து வந்த குழாயோடு பிடித்து, அதன் மேல் வலையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். முதலில் வைத்தது நிற்கவில்லை. விரித்து லேசாக இழுத்துப் பார்த்தபோது ஓட்டைக்குள் நழுவிவிட்டது. நல்லவேளை, கம்பியிலிருந்து இன்னும் விடுவிக்கவில்லை. மறுபடி குழாய்க்குள் மடித்து வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி, இரண்டு நிமிடம் நெஞ்சை அழுத்த வேண்டியிருந்தது. இதை அவர்களாகச் சொல்லவில்லை. நான் குடைந்து கேட்டதால் சொன்னார்கள். பிறகு அதைவிடப் பெரிய தட்டை வைத்தார்கள். இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. பிறகுதான் விடுவித்தார்கள்.

பிளம்பரம்மா வெளியே வந்தபோது அவர் தொப்பியெல்லாம் வேர்வை. "மூடியாச்சு. ஆனா முழுசா இல்ல. கீழ் ஓரத்துல கொஞ்சம் கசிவு இருக்கு" என்றார். அந்தக் கசிவு போகப் போக அடைபடலாம், படாமலும் போகலாம். படாவிட்டால் ஒரு மாதம் கழித்து இன்னொரு சின்னத் தட்டு. முதல் மூன்று நாள் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பம்ப் இன்னும் இருக்கிறது, புதன்கிழமை எடுத்துப் பார்ப்பார்கள்.

அப்பாவுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. அதனால் இந்த மெயிலிலும் அவர் பேசவில்லை. நீ அதைக் கவனிப்பாய் என்று தெரியும். அவர் சொன்னதாக ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டி எழுதியிருந்தால் உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், எழுதத் தோன்றவும் செய்தது. எழுதவில்லை. வாயில் குழாயோடு படுத்திருக்கிறார், நெற்றியைத் தொட்டேன், சூடாக இருந்தது. முகத்தில் அந்த நீலம் இல்லை.

எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

அக்கா

மார்ச் 18, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

நேற்று நீ எழுதியபோது எங்களுக்கும் மதிய உணவு நேரம்தான். நான் மேலே இல்லை, என்ஜின் அறையில்தான் இருந்தேன். அறையில் உட்கார முடியவில்லை, அதனால் தலைமை என்ஜினியர் என் கையில் ஒரு துணியைக் கொடுத்து, ஓடாத இயந்திரம் ஒன்றைக் காட்டி, துடை என்றார். நாலு மணி நேரம் துடைத்தேன். அவர்தான் மெயிலை அச்செடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். படிக்காமல் மடித்துக் கொடுத்தார்.

ஒரே தடவை படித்தேன். கசிவு இருக்கிறது என்ற இடத்தில் நின்று, மறுபடி அந்த வரியிலிருந்து கடைசி வரை போனேன். எங்கே மறைக்கிறாய் என்று பார்க்கவில்லை. பழக்கத்தில் கண் தேடத்தான் பார்த்தது, நான் விடவில்லை. பிறகு அந்தத் துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். முகமெல்லாம் கிரீஸ்.

இருபத்தாறாம் தேதி துறைமுகத்தில் இறங்க அனுமதி கேட்டிருக்கிறேன், கேப்டன் பார்க்கலாம் என்றிருக்கிறார். உறுதியானதும் எழுதுகிறேன். அதற்குள் எது நடந்தாலும் நீ எழுது. அப்பா வேண்டாம் என்றாலும் எழுது. கண் விழித்ததும் அந்த மெசேஜைப் பற்றி அவரே பேச்செடுத்தால், தப்பு என்னுடையது என்று நான் சொன்னதாகச் சொல். அவர் எடுக்காவிட்டால் நான் வந்து நேரில் சொல்கிறேன்.

சாப்பாட்டு அறையில் சமையல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்பா பிழைத்துக்கொண்டார், இன்னும் மூன்று நாள் கண்டம் இருக்கிறது என்றேன். அவருக்கு இன்னும் அந்தக் காலிக் கட்டில் மறக்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்கு என் வீட்டுக்காரியை இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

"நிச்சயமா தெரியுமா?" என்றார்.

"அக்கா எழுதியிருக்காங்க" என்றேன். அவர் தட்டை எடுத்து எனக்குச் சாப்பாடு போட்டார்.

தம்பி